இளையோர் மனநலத் துறையில் கிளினிக்கல் சூப்பர்வைசர் ஆவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வாழ்நாளில் மனநலச் சிக்கலுக்கு ஆளாகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது 14 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது, முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள். ரொனால்ட் கெஸ்லரும் குழுவினரும் அமெரிக்காவில் செய்து 2005-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் தெரியவந்தது இது. அந்த வயதில் உதவி தேடி வரும் பிள்ளைக்கு எதிரே உட்காருபவர், பல இடங்களில், படிப்பை முடித்துச் சில வருடங்களே ஆன தெரபிஸ்ட்தான். அவருக்குப் பின்னால் நின்று, அவரைத் தவறாமல் சந்தித்து வழிகாட்டி, பெரும்பாலும் அந்தப் பிள்ளையை ஒருமுறைகூடப் பார்க்காமலே அதன் நலனுக்குப் பொறுப்பேற்கிறவர் கிளினிக்கல் சூப்பர்வைசர்.

நல்ல தெரபிஸ்டாகப் பத்து வருடம் இருந்தால் நல்ல சூப்பர்வைசராகத் தானாகவே ஆகிவிடலாம் என்ற எண்ணம் இந்தத் துறையில் இன்னும் இருக்கிறது. அது பிள்ளைகளைப் பாதிக்கிற எண்ணம். இது வேறு வேலை. தனியாகக் கற்க வேண்டும், தனியாகப் பழக வேண்டும். எப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில், வேலை என்ன என்பதில் தெளிவு

பிரிஜிட் ப்ராக்டர் 1980-களில் சூப்பர்விஷனுக்கு, அதாவது சூப்பர்வைசரும் தெரபிஸ்டும் உட்கார்ந்து சிகிச்சையைப் பற்றிப் பேசும் சந்திப்புகளுக்கு, மூன்று பணிகள் உண்டு என்று பிரித்துச் சொன்னார். சிகிச்சையின் தரத்தையும் நெறியையும் காப்பது, தெரபிஸ்டின் திறனை வளர்ப்பது, இந்த வேலை அவர் மனதில் ஏற்றும் பாரத்தைச் சுமக்கத் தெம்பு தருவது. மூன்றும் ஒரே மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றில் மட்டும் நின்றுவிடுகிறார்கள். ஆறுதல் சொல்வது சுலபமாக வருகிறவர் தரத்தைத் தொடுவதில்லை. விதிமுறை தெரிந்தவர் விசாரணை நடத்துகிறார். உங்களுக்கு எது சுலபமாக வருகிறது என்று இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் மற்ற இரண்டுக்கும்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

விடுப்பு, பணி நேரம், பதவி உயர்வு ஆகியவற்றைப் பார்ப்பது மேலாளர் வேலை. தெரபிஸ்டின் சொந்தத் துயரத்துக்குச் சிகிச்சை தருவதும் உங்கள் வேலையில் சேராது. அவருடைய துயரம் அந்தப் பிள்ளையின் சிகிச்சையைத் தொடும் இடம்வரை பேசலாம். அதற்கு மேல் போனால், அவர் தனக்கென ஒரு தெரபிஸ்டைத் தேடிக்கொள்ள உதவுங்கள்.

படி 1: நீங்கள் தயாரா?

பொதுவாகத் தொழில்முறை அமைப்புகள் கேட்பவை இவை: அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைப் பயிற்சி, நடப்பில் இருக்கும் தொழில்முறைப் பதிவு, தகுதி பெற்றபின் சில வருட நேரடி அனுபவம். எத்தனை வருடம், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு, அமைப்புக்கு அமைப்பு மாறும். உங்கள் அமைப்பின் நடப்பு விதியை எழுத்தில் வாங்கிப் படித்துவிடுங்கள், யாரோ சொன்னதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

வருடக் கணக்கைவிட அந்த வருடங்களில் யாரைப் பார்த்தீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆறு வயதுப் பிள்ளையுடன் விளையாட்டு வழியாக வேலை செய்வதும், 17 வயதுப் பெண்ணுடன் உட்கார்ந்து பேசுவதும் ஒன்றாகாது. பெற்றோரையும் பிள்ளையையும் ஒரே அறையில் வைத்து அமர்வு நடத்தியிருக்கிறீர்களா? பள்ளியுடன் பேசியிருக்கிறீர்களா? தற்கொலை எண்ணம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், குடும்பத்துக்குள் வன்முறை ஆகியவற்றை நேராகக் கையாண்டிருக்கிறீர்களா? இதில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே முதலில் ஒரு வருடம் வேலை செய்துவிட்டு வாருங்கள். நீங்களே தொடாத ஒன்றில் இன்னொருவருக்கு வழிகாட்டும்போது, அபாயம் வந்து நிற்கும் நாளில் கைவசம் ஒன்றும் இருக்காது.

படி 2: பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது

விரிவுரை மட்டும் உள்ள இரண்டு நாள் வகுப்பு அறிமுகத்துக்கு உதவும், தகுதிக்குப் போதாது. சேருமுன் நான்கு கேள்வி கேளுங்கள். பயிற்சிக் காலத்தில் உண்மையான தெரபிஸ்டை நான் சூப்பர்வைஸ் செய்வேனா? அந்த அமர்வின் ஒலிப்பதிவை யாராவது கேட்டுக் கருத்துச் சொல்வார்களா? குழந்தைகள், பதின்ம வயதினர் சார்ந்த பகுதி தனியாக உண்டா? இந்தச் சான்றிதழை என் அமைப்பு ஏற்குமா? முதல் இரண்டுக்கும் பதில் 'இல்லை' என்றால் வேறு இடம் பாருங்கள்.

சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை), குடும்ப சிகிச்சை போன்ற ஒரே முறைக்கான சூப்பர்வைசர் பயிற்சியா, பொதுப் பயிற்சியா என்ற குழப்பம் வரும். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் ஒரே முறையில் இயங்கினால் முதலாவது நல்லது. பல முறைக்காரர்கள் கலந்திருக்கும் குழுவென்றால் பொதுப் பயிற்சிதான் கைகொடுக்கும்.

படி 3: ஒரு மாதிரியைக் கைக்குள் கொண்டுவருவது

சூப்பர்விஷன் மாதிரிகள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் தேர்வுக்குப் படிப்பதுபோல் படிக்க வேண்டியதில்லை. ஒன்றை எடுத்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது ஜேனின் பெர்னார்ட் 1979-இல் முன்வைத்த மாதிரி. அதில் சூப்பர்வைசருக்கு மூன்று பாத்திரங்கள்: ஆசிரியர், கவுன்சலர், ஆலோசகர். கவனிக்க வேண்டிய இடங்களும் மூன்று: தெரபிஸ்ட் என்ன செய்கிறார், பிரச்சினையை எப்படிப் புரிந்துகொள்கிறார், அவருடைய சொந்தக் குணமும் உணர்வும் எப்படிக் கலக்கின்றன.

இது காகிதத்தில் கட்டம் போட்டதுபோல் தெரியும். நடைமுறையில் பெரிய உதவி. பதற்றக் கோளாறுள்ள பிள்ளைக்குப் பயந்த சூழலைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளவைக்கும் பயிற்சியைத் தெரபிஸ்ட் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார் என்று வையுங்கள். அவருக்குச் செய்யத் தெரியவில்லையா? அப்படியானால் ஆசிரியராகிச் செய்து காட்டுங்கள். பிள்ளையின் பயத்தைத் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறாரா? ஆலோசகராகக் கூட உட்கார்ந்து யோசியுங்கள். பிள்ளை அழுதால் தன்னால் தாங்க முடியாது என்று அவரே தவிர்க்கிறாரா? அப்போது கவுன்சலரின் காதோடு கேளுங்கள். காரணம் மூன்றாவதாக இருக்கும்போது முதலாவதற்குப் பதில் சொன்னால், அவர் குறிப்பெடுத்துக்கொண்டு போவார், அடுத்த வாரமும் பயிற்சி நடந்திருக்காது.

இதில் பழகியபின், பீட்டர் ஹாக்கின்ஸும் ராபின் ஷோஹெட்டும் தந்த ஏழு கண் மாதிரிக்குப் போங்கள். பிள்ளை, சிகிச்சை உத்தி, இருவருக்கும் இடையிலான உறவு, தெரபிஸ்ட், சூப்பர்விஷன் உறவு, உங்கள் மனம், சுற்றியுள்ள சூழல் என ஏழு பக்கமிருந்தும் பார்க்கச் சொல்லும் மாதிரி அது. இளையோர் சிகிச்சையில் ஏழாவது கண்ணுக்கு வேலை மிக அதிகம்.

படி 4: ஒப்பந்தம்

முதல் சந்திப்பிலேயே எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். ஒரு பக்கம் போதும். அதில் இவை இருக்கட்டும்:

- எவ்வளவு நேரம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, தனியாகவா குழுவாகவா
- சிகிச்சைப் பொறுப்பு யாருடையது, நீங்கள் சொல்வது ஆலோசனையா கட்டளையா
- அவசரம் என்றால் இடையில் உங்களை எப்படிப் பிடிப்பது, நீங்கள் கிடைக்காவிட்டால் யார்
- அமர்வுப் பதிவுகள், அதற்குப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் ஒப்புதல், பதிவை எப்போது அழிப்பது
- சூப்பர்விஷனில் பேசியது எந்த நிலையில் வெளியே போகும்
- அவரை மதிப்பீடு செய்யப்போகிறீர்களா, செய்தால் யாருக்கு அறிக்கை
- உங்கள் மேல் குறை இருந்தால் அவர் யாரிடம் போகலாம்

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் கவுன்சலர்களுக்கான பிஏசிபி அமைப்பு தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கு மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் என்று வைத்திருக்கிறது. அது குறைந்தபட்சம். அபாயம் அதிகமுள்ள பதின்ம வயதினரைப் பார்க்கும் புதியவருக்கு வாரம் ஒருமுறை கொடுக்க முடியாவிட்டால், அவருக்குக் கொடுக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் பேசுங்கள்.

படி 5: கேட்டதை நம்பாமல், நடந்ததைப் பார்ப்பது

1909-இல் ஃப்ராய்டு குட்டி ஹான்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுவனின் கதையை வெளியிட்டார். குதிரைகளைக் கண்டு பயந்த பிள்ளை. சிகிச்சை செய்தவர் சிறுவனின் அப்பா. ஃப்ராய்டு அப்பா எழுதி அனுப்பிய குறிப்புகளை வைத்து வழிகாட்டினார், சிகிச்சையின்போது பிள்ளையை ஒரே ஒருமுறைதான் பார்த்தார். பிள்ளை சொன்னது எது, அப்பா கேட்க விரும்பியது எது என்ற கேள்வி அந்தக் கதையை இன்றுவரை விடவில்லை. ஒவ்வொரு சூப்பர்வைசரும் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். நமக்கு வந்து சேருவது பிள்ளையைப் பற்றிய தெரபிஸ்டின் கதை.

நிகலஸ் லடானியும் குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சித் தெரபிஸ்டுகளில் 100-க்கு 97 பேர் சூப்பர்வைசரிடம் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டதாக ஒப்புக்கொண்டார்கள். கெட்ட எண்ணத்தில் மறைப்பவர்கள் குறைவு. வெட்கம், பயம், 'இது முக்கியமில்லை' என்ற நினைப்பு போதும். ஆகவே பதிவைக் கேளுங்கள், முடிந்தால் நேரில் பாருங்கள். குடும்ப சிகிச்சைக்காரர்கள் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சக தெரபிஸ்டின் அமர்வைப் பார்க்கும் வழக்கத்தைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கொண்டுவந்துவிட்டார்கள். இன்று அதற்கு ஒரு வீடியோ இணைப்பு போதும்.

முழு அமர்வையும் கேட்க நேரம் இருக்காது. ஐந்து நிமிடம் போதும், ஆனால் எந்த ஐந்து நிமிடம் என்பதைத் தெரபிஸ்டே தேர்ந்தெடுக்கட்டும்: 'இங்கேதான் மாட்டிக்கொண்டேன்' என்று அவர் நினைக்கும் இடம். சில வாரத்துக்கு ஒருமுறை நீங்கள் தேர்ந்தெடுங்கள்.

எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 13 வயதுப் பையன், நான்காவது அமர்வு. தெரபிஸ்ட் வந்து உட்கார்ந்ததுமே சொல்கிறார்: "இந்த வாரமும் வாயே திறக்கவில்லை. அவனுக்கு வர விருப்பமில்லை என்று நினைக்கிறேன்." பதிவை ஓட்டுகிறீர்கள். கேள்வி, "தெரியல." கேள்வி, "ம்." அப்புறம் ஓர் இடத்தில் பையன் தானாகவே, தாழ்ந்த குரலில், "கேம்ல கூட இப்ப யாரும் கூப்பிடறதில்ல" என்கிறான். பேனா ஓடும் சத்தம். "சரி, தூக்கம் எப்படி இருக்கு?"

'அங்கே விட்டுவிட்டீர்களே' என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். அந்த இடத்தைத் திரும்ப ஓட்டுங்கள். "இவன் குரலை மட்டும் கேளுங்கள். என்ன கேட்கிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். தெரபிஸ்ட் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தனியாக இருக்கிறான்... இதை நான் கேட்கவே இல்லை" என்கிறார். "அந்த நேரத்தில் உங்கள் மனதில் என்ன ஓடியது?" "கேள்விப் பட்டியலை முடிக்க வேண்டும் என்று. முடிந்ததும் அம்மா கேட்பார், என்ன முன்னேற்றம் என்று. ஒன்றும் சொல்ல இல்லாமல் போய் நிற்க முடியாது."

இப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அறைக்குள் இருந்தது இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். தெரபிஸ்ட் பையனிடம் பேசிக்கொண்டே அம்மாவுக்குப் பதில் தயாரித்துக்கொண்டிருந்தார். இதைக் கண்டபின் ரோல்பிளே செய்யுங்கள். நீங்கள் பையன். "கேம்ல கூட யாரும் கூப்பிடறதில்ல" என்று சொல்லிவிட்டுக் கீழே பாருங்கள். அவர் பதில் சொல்லிப் பார்க்கட்டும். முதல் தடவை இன்னொரு கேள்வியாக வரும். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை செய்யச் சொல்லுங்கள். பேச்சாகவே சூப்பர்விஷன் முடிந்துவிட்டால் அடுத்த அமர்வில் ஒன்றும் மாறாது.

மதிப்பெண் அளவுகோல்களும் பழகுங்கள். சிபிடியில் சிடிஎஸ்-ஆர் என்ற அளவுகோல் தெரபிஸ்டின் திறனில் 12 அம்சங்களை 0 முதல் 6 வரை மதிப்பிடுகிறது. எண் உங்களுக்குத் தீர்ப்பாக வேண்டாம், பேச்சைத் தொடங்கும் இடமாக இருக்கட்டும்.

படி 6: தெரபிஸ்ட் யார் பக்கம் நிற்கிறார்?

வயதுவந்தவர்களுக்கான சிகிச்சையில் சூப்பர்வைசராக இருந்தவர்கள் இளையோர் பக்கம் வரும்போது புதிதாகக் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான். பெரியவர் தானே வருகிறார், தானே போகிறார். பிள்ளையை யாரோ அழைத்து வருகிறார்கள். அழைத்து வந்தவருக்கு ஒரு எதிர்பார்ப்பு, அனுப்பிய பள்ளிக்கு ஒன்று, பிள்ளைக்கு வேறொன்று. இத்தனை பேருக்கு நடுவே தெரபிஸ்ட் தன்னை அறியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்.

இளம் தெரபிஸ்டுகள் பிள்ளை பக்கம் சாய்வதை அதிகம் பார்க்கலாம். 'இந்தப் பெற்றோர் மாறவே மாட்டார்கள்' என்ற வாக்கியம் வந்தாலே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பிள்ளையை மீட்கும் ஆசை அங்கே வேலை செய்கிறது. பிள்ளை பெற்றவர்கள் தெரபிஸ்டாக இருந்தால் எதிர்ப்பக்கமும் நடக்கும், பதின்ம வயதுப் பெண்ணின் கோபம் அவர்களுக்குத் 'திமிர்' என்று கேட்கும். இரண்டையும் குற்றமாகப் பார்க்காதீர்கள். "இந்த வாரம் இந்தக் குடும்பத்தில் யார் மேல் உங்களுக்குக் கோபம் வந்தது?" என்பது நல்ல கேள்வி. "அம்மா இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வார்?" என்பது இன்னொன்று.

சாய்வு உங்களுக்கும் தொற்றும். சிகிச்சை அறையில் நடப்பது சூப்பர்விஷன் அறையில் திரும்ப நடப்பதை ஹெரால்ட் சேர்ல்ஸ் 1955-லேயே எழுதிவைத்தார். பிள்ளை தெரபிஸ்டிடம் எதற்கும் 'தெரியல' என்கிறது, தெரபிஸ்ட் உங்களிடம் வந்து எதற்கும் 'சரி' என்கிறார், நீங்கள் பதறி அறிவுரை மேல் அறிவுரை கொடுக்கிறீர்கள். உங்கள் குரல் வேகமெடுக்கும்போது நிறுத்தி, 'நம் இருவருக்கும் இடையில் இப்போது நடப்பது அங்கேயும் நடக்கிறதா?' என்று கேளுங்கள். எல்லா வாரமும் கேட்டால் சலித்துப்போகும். உண்மையாகவே உறைக்கும்போது மட்டும்.

வயதுக்கேற்ற வளர்ச்சியையும் நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். பெரியவர்கள் தங்கள் எண்ணங்களை எழுதிப் பார்க்கும் சிந்தனைப் பதிவேட்டை எட்டு வயதுப் பிள்ளையிடம் நீட்டிவிட்டு 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுவது எங்கும் நடக்கிறது. அந்தப் பிள்ளை படம் வரைந்து காட்டியிருக்கும்.

படி 7: ஒப்புதல், ரகசியம், அபாயம்

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்தில் 1985-இல் வந்த கில்லிக் தீர்ப்புக்குப்பின், போதிய புரிதலும் அறிவும் உள்ள 16 வயதுக்குட்பட்ட பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம். வேறு பல நாடுகளில் பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்பதும் பல நாடுகளில் சட்டம். உங்கள் நாட்டுச் சட்டத்தை ஒரு பக்கமாகச் சுருக்கி, தெரபிஸ்டுடன் சேர்ந்து படியுங்கள். சட்டம் எதுவாக இருந்தாலும், தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்று ஐநாவின் 1989 குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோரிடம் சொல்லியாக வேண்டிய நிலையிலும், எப்படிச் சொல்வது, யார் முதலில் சொல்வது என்பதைப் பிள்ளையுடன் பேசி முடிவெடுக்கத் தெரபிஸ்டைப் பழக்குங்கள்.

ஒவ்வொரு சூப்பர்விஷன் அமர்வின் தொடக்கத்திலும் முதல் கேள்வி: "இந்த வாரம் யாரைப் பற்றிக் கவலையாக இருக்கிறது?" அபாயத்தைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு விடக் கூடாது. தற்கொலை எண்ணம் பற்றிப் பேச்சு வந்தால் 'கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள்' என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த வார்த்தையில் கேட்டார், அம்மா பக்கத்தில் இருந்தாரா, வீட்டில் எட்டும் தூரத்தில் மாத்திரையோ பூச்சிமருந்தோ இருக்கிறதா, அதை யார் எடுத்துவைப்பது, இரவில் எண்ணம் வந்தால் அவள் யாரிடம் போவாள் என்பதெல்லாம் கேளுங்கள். மதிப்பெண் படிவத்தில் 'குறைந்த அபாயம்' என்று வந்ததால் நிம்மதி அடைய வேண்டாம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எதிர்காலத் தற்கொலையைக் கணிக்க இத்தகைய அளவுகோல்களைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது. பிள்ளைக்கு இப்போது என்ன தேவை, பாதுகாப்புத் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பேச்சு.

முடிவெடுத்ததைக் குறித்துவையுங்கள்: தேதி, என்ன தெரிந்தது, என்ன முடிவு, ஏன், யார் எப்போது செய்வார். உடனடி அபாயம் என்றால் சூப்பர்விஷனை நிறுத்திவிட்டு, அங்கேயே தொலைபேசியை எடுக்கச் சொல்லுங்கள். அவர் பேசும்போது பக்கத்தில் இருங்கள்.

படி 8: முன்னேற்றத்தை அளப்பது

ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட எஸ்டிக்யூ படிவத்தில் பிள்ளையின் உணர்வுகள், நடத்தை பற்றி 25 கேள்விகள், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பதின்ம வயதினருக்கும் தனித்தனி வடிவம். இது மாதிரி ஏதாவது ஒன்றைத் தெரபிஸ்ட் வழக்கமாகப் பயன்படுத்தட்டும். மூன்று மாதமாகச் சூப்பர்விஷனில் பெயரே அடிபடாத பிள்ளைகளின் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சத்தமில்லாத பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

படி 9: கசப்பான கருத்தைச் சொல்வது

பயிற்சியில் பலர் தடுமாறும் இடம் இது. பழகிய தெரபிஸ்டுகளுக்கு ஒருவரை மதிப்பிடுவதே கூச்சமாக இருக்கும். கருத்தைச் சீக்கிரம் சொல்லுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள். 'உங்களுக்குப் பரிவு குறைவு' என்பது அவரைப் பற்றிய தீர்ப்பு. 'அவள் அழ ஆரம்பித்ததும் நீங்கள் வீட்டுப்பாடத்துக்கு மாறினீர்கள்' என்பது பதிவில் இருக்கும் உண்மை, அவரே மறுபடி கேட்டுப் பார்க்கலாம். குறையை எழுதுங்கள், அதற்கு உதவியும் காலக்கெடுவும் வையுங்கள், திரும்பிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லாத விதத்தில் வேலை செய்தால், 'தேறவில்லை' என்று எழுதும் பொறுப்பு உங்களுடையது. இறுதி அறிக்கையில்தான் அவருக்கு இது முதல்முறையாகத் தெரியவருகிறது என்றால் தவறு உங்கள் பக்கம்.

படி 10: உங்கள் வேலையை இன்னொருவர் பார்க்கட்டும்

சூப்பர்வைசருக்கும் சூப்பர்விஷன் உண்டு. பயிற்சிக் காலத்தில் உங்கள் அமர்வுப் பதிவுகளை எடுத்துப் போங்கள், உங்களுக்குப் பெருமை தரும் பதிவையும், மூடிவைக்கத் தோன்றும் பதிவையும். பயிற்றுநர் கேட்கும் தொகுப்பில் பெரும்பாலும் இருப்பவை: பதிவுகள், தெரபிஸ்டின் எழுத்துபூர்வக் கருத்து, நீங்கள் செய்த சுயமதிப்பீடு, மணி நேரக் கணக்கு. இவற்றை முதல் நாளிலிருந்தே சேர்த்துவந்தால் கடைசி வாரத்தில் தேடி அலைய வேண்டியிருக்காது.

சான்றிதழ் வந்தபின், ஒரே நேரத்தில் பலரை ஏற்காதீர்கள். ஒருவர், அப்புறம் இன்னொருவர். குழு சூப்பர்விஷனைத் தனி சூப்பர்விஷன் கைவந்தபின் தொடங்குங்கள், குழுவில் ஒவ்வொருவர் பிள்ளைகளுக்கும் நேரம் கிடைப்பதைப் பார்த்துக்கொள்வதே தனித் திறமை. பிள்ளைகளுக்கு நேரடியாகச் சிகிச்சை அளிப்பதையும் விட்டுவிட வேண்டாம், வாரத்தில் சில மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். தெரபிஸ்ட் ஒருவர் வேறு இடம் மாறிப் போகும்போது, அவருடைய ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எடுத்து, யாரிடம் போகிறது, பிள்ளைக்கு எப்போது சொன்னார், விடைபெற எத்தனை அமர்வு வைத்திருக்கிறார் என்று உட்கார்ந்து பேசி முடித்த பிறகுதான் உங்கள் கடைசிச் சந்திப்பை முடிக்க வேண்டும்.